தாரணியின் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்

ஜூன் 19, வியாழன்

காலையில் ஒரு காங்கேயம் காளைக்குக் கொம்பு முறிந்து கட்டுப் போட்டேன். மதியம் மூன்று ஆடுகளுக்கு வயிற்று உப்புசம். மூன்றும் ஒரே வீட்டு ஆடுகள். கல்யாண வீட்டுக்குப் பின்னால் கொட்டிய மீதிச் சோற்றைத் தின்றவை. பிழைத்துக்கொண்டன.

இந்த நாட்குறிப்பில் ஆடு மாடு தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஒரு கால்நடை மருத்துவனுக்கு அது போதும். இன்று மட்டும் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வாரம் ஆகிறது. தாரணி வீட்டுச் சீர் வண்டியிலிருந்து பீரோ, கட்டில், கிரைண்டரோடு கண்ணாடி வைத்த ஒரு கறுப்புப் பெட்டியும் இறங்கியது. உள்ளே விளக்கெரிவதைப் பார்த்த அம்மா மீன் தொட்டி என்று நினைத்து, மீன் எப்போது வரும் என்று கேட்டார். அது தாரணியின் கம்ப்யூட்டர். கல்லூரி நாளிலிருந்தே அவள் அதில் கேம் ஆடுகிறாளாம். இங்கே வந்த பிறகு அவள் ஆடி நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. நாங்கள் இன்னும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சாப்பாடு, கரண்ட், மழை வருமா, இவ்வளவுதான்.

இன்று மாலை கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனில் பேசியது கேட்டது. அவள் தோழி ரெஜினாவிடம். ஜூலை பதிமூன்றாம் தேதி ஏதோ போட்டி இருக்கிறதாம். நான்கு பேர் கொண்ட அணி; தாரணி நான்காவது ஆள். கேமின் புதிய பதிப்பைத் தன்னுடைய கிராபிக்ஸ் கார்டு இழுக்காது, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். பிறகு, "இங்க எல்லாம் நல்லாத்தாண்டி இருக்கு" என்றாள்.

மாடு தீவனமே எடுக்காதபோது அதன் சொந்தக்காரர்கள் "தின்னுதுங்க சார்" என்று சொல்லும் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 21, சனி

கோயம்புத்தூர் போய் கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டேன். கடைக்காரர் நான்கு கேள்வி கேட்டார். முந்தின நாளே கேபினெட்டின் கண்ணாடிப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது பொருந்தும், பவர் சப்ளையும் தாங்கும் என்றார். ஒரு செங்கல் நீளம், செங்கல் கனம். கம்ப்யூட்டரில் படம் காட்டும் வேலை முழுவதும் இதனுடையதாம். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு தாராபுரம் வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கேக்கா என்று கேட்டார்.

அம்மாவும் தாரணியும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நானே மாட்டினேன். இரண்டு வீடியோ பார்த்துக்கொண்டேன். சிசேரியன் செய்து கன்று எடுத்தவனுக்கு இது என்ன பெரிய வேலை. பழைய கார்டைக் கழற்றி, புதியதை அதே இடத்தில் அழுத்தியதும் டக்கென்று உட்கார்ந்தது. உள்ளே ஒயர்கள் குடல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து, பையிலிருந்த நீல நைலான் தையல் நூலால் அழகாக முடிச்சுப் போட்டு ஓரமாக ஒதுக்கினேன். பார்க்கவே நன்றாக இருந்தது.

அவள் வந்ததும் காட்டினேன். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள். கொல்லையில் கை கழுவினேன் என்றேன். அவள் முகம் சிவந்து போனது.

கேமைத் திறந்தாள். என் நெஞ்சு பரீட்சை முடிவு பார்ப்பவன் நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. படம் வந்தது. கடல், ஒரு கலங்கரை விளக்கம், நான்கு வீரர்கள். வீரன் ஒரு கால் எடுத்து வைத்தான். நின்றான். அடுத்த கால், கொஞ்ச நேரம் கழித்து. கல்யாண ஆல்பம் புரட்டுவது போலத் தனித்தனிப் படமாக ஓடியது. பழைய கார்டில்கூட இதைவிட நன்றாக ஓடியதாம். அதை அவளாகச் சொல்லவில்லை, நானே கேட்டு வாங்கிய பதில்.

"பரவால்லீங்க" என்றாள். 

ஜூன் 22, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் தாரணி மேஜைக்கு அடியில் இருக்கிறாள். கால் மட்டும் தெரிந்தது. உள்ளிருந்து சிரிப்புச் சத்தம். இந்த வீட்டில் அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

மானிட்டர் ஒயரை நான் புதிய கார்டில் சொருகவில்லையாம். மேலே வேறொரு துளை இருக்கிறது, அதில் சொருகிவிட்டேன். செங்கல் சும்மா உட்கார்ந்திருக்க, வேலையெல்லாம் பிராசசர் என்கிற மூளையின் தலையில் விழுந்திருக்கிறது. நேற்று பார்த்த வீடியோக்காரர் இதைச் சொல்லவே இல்லை.

மாற்றிச் சொருகியதும் திரையைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. தண்ணீர் அசைகிறது. கலங்கரை விளக்கத்தின் சுவரில் உப்புப் படிந்திருப்பது தெரிகிறது. திரை மூலையில் ஓர் எண் இருக்கிறது, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று சொல்லும் எண். அது நூற்றைத் தாண்டியது. தாரணி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். கடல் எந்த ஊர் என்று கேட்டார்.

அம்மா காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் எண் சரியத் தொடங்கியது. நூறு, எழுபது, முப்பது. வீரன் மறுபடி திக்கித் திக்கி நடந்தான்.

ஜூன் 24, செவ்வாய்

எருமைக்கு நஞ்சுக்கொடி விழவில்லை. எடுத்தேன். குளித்தும் வாடை போகவில்லை. தாரணி எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

ஜூன் 25, புதன்

மாலையில் டிரைவரை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். டிரைவர் என்றால் கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் மென்பொருள். பழைய கார்டின் டிரைவர் ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படி ஆகுமாம். நாங்கள் இருவரும் நீல நிறக் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அது நகர்வதற்குள், அவள் பள்ளியில் கபடி ஆடியது, முட்டி உடைந்தது, அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டுக்கு வந்தது, எல்லாம் தெரிந்துகொண்டேன். எனக்குப் பாம்பென்றால் பயம் என்பதை அவள் தெரிந்துகொண்டாள். 

டிரைவர் போட்டும் பலனில்லை. இருந்தாலும் நல்ல மாலை.

ஜூன் 28, சனி

இன்று ஒரு முறை வகுத்தேன். மாட்டுக்கு வாய் இல்லை, இதற்கும் இல்லை. ஒரே நேரத்தில் நான்கு மருந்து கொடுத்தால் எது கேட்டது என்று தெரியாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், பார்க்க வேண்டும். தாரணி கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ பழைய கார்டையே திரும்ப மாட்டிப் பாக்கலாங்களா?" என்றாள். எனக்கு அது தோன்றவில்லை. 

மெஷினை அணைத்து, கேபினெட்டைத் திறந்து, செங்கலை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டினோம். நான் டார்ச் பிடித்தேன். ஓட்டினால், பழைய கார்டும் திக்குகிறது. கல்யாணத்துக்கு முன்னால் இதே கார்டு இதே கேமின் பழைய பதிப்பை ஒழுங்காக ஓட்டியிருக்கிறது. அந்தப் பழைய பதிப்பையும் போட்டுப் பார்த்தாள். திக்குகிறது.

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்படியென்றால் நோய் கார்டில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது. எனக்குக் கை பரபரத்தது. நோய் எங்கே இல்லை என்று தெரிவது பாதி வைத்தியம். அவள் ரெஜினாவுக்குப் போன் செய்து, வேறு ஆளைப் பார்க்க வேண்டாம், போட்டிக்குத் தானே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எந்த நம்பிக்கையில் சொன்னாள் என்று தெரியவில்லை. எனக்கு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏற வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் மாடி இல்லை.

ஜூலை 2, புதன்

காய்ச்சல்.

கால்நடை மருந்தகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தாரணி வாசலுக்கே வந்து சொன்னாள். சூட்டைக் காட்டும் ஒரு மென்பொருள் போட்டிருக்கிறாள். கேம் தொடங்கியதும் பிராசசரின் சூடு ஏறிக்கொண்டே போய்த் தண்ணீர் கொதிக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. அந்தச் சூட்டில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேலையைக் குறைத்துக்கொள்கிறது. உடனே படம் திக்குகிறது. 

காய்ச்சல் எனக்குத் தெரிந்த விஷயம். வெளியூரில் வழி தெரியாமல் நின்றவனுக்குச் சொந்த ஊர்ப் பஸ் வந்தது மாதிரி இருந்தது. காற்று போகிறதா என்று பார்த்தேன். கேபினெட்டின் தலை மேல் அம்மா பின்னிய லேஸ் துணி. மேல் துளை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியோடு.

துணியை எடுத்தோம். கொஞ்சம் குறைந்தது. போதவில்லை. ஆனால் அம்மா பார்த்துவிட்டார்.

"என்ற துணியாலதான் அது கெட்டுப் போச்சா கண்ணு? தூசி படியக் கூடாதுன்னுதான போட்டேன்."

இல்லை என்று இருவரும் சொன்னோம். அம்மா நம்பவில்லை. இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பில்லை. தாரணி இரண்டாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

ஜூலை 5, சனி

கோமாரித் தடுப்பூசி முகாம். விடியலில் போய் மாலையில்தான் திரும்பினேன். ஒரு கிடாரி காலில் உதைத்தது. வீக்கம் இருக்கிறது, எலும்பு முறியவில்லை.

நொண்டிக்கொண்டு உள்ளே வந்தால் கேம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறது என்றால், தண்ணீர் மாதிரி. அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் எண் நூற்றிருபது. அங்கேயே நிற்கிறது. நான் வந்து, கால் கழுவி, காப்பி குடித்து, மறுபடி வந்து பார்த்தேன். அங்கேயே நிற்கிறது. 

என்ன செய்தாய் என்று கேட்டேன். உள்ளே தூசி அடைத்திருந்ததாம், துடைத்துவிட்டாளாம். அம்மாவிடம் திரும்பி, "நீங்க துணி போடலீன்னா இன்னும் நெறையத் தூசி போயிருக்குங்க அத்தை" என்றாள். அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். இன்று ரசத்துக்கு உப்பு, புளி, பெருங்காயம், எல்லாம் இருந்தது.

காலுக்கு ஒத்தடம் கொடுக்கப் பழந்துணி தேடும்போது, மேஜைக்கு அடியில் கூட்டி வைத்திருந்த முறத்தைப் பார்த்தேன். தூசி அவ்வளவாக இல்லை. நீல நைலான் நூல் ஒன்று, கத்தரியால் வெட்டியது. என் முடிச்சு அப்படியே இருந்தது.

கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். ஒயர்கள் பழையபடி தளர்வாகத் தொங்கின. நான் அவற்றைக் கட்டி ஒதுக்கிய இடத்தில், பிராசசருக்கு மேலே, ஒரு சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கட்டிய கட்டு அதன் இறக்கையை அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது. இத்தனை நாளும் அது சுற்றவே இல்லை. கண்ணாடி வழியாகத் தெரியாதபடி ஒயர்க் கட்டே அதை மறைத்திருக்கிறது. நாங்கள் திறந்து பார்த்தபோதெல்லாம் மெஷினை அணைத்துவிட்டுப் பார்த்தோம். அணைத்த மெஷினில் எந்த ஃபேனும் சுற்றாது. தூங்குகிற மாட்டைப் பார்த்து நடை சரியாக இருக்கிறது என்று சொன்ன கதை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் அம்மா பால் வாங்கப் போனதும் கேட்டேன்.

"தூசி நெறைய இருந்துச்சா?"

தாரணி தோசையைத் திருப்பிப் போட்டாள். "ரொம்பங்க. நீலக் கலர் தூசி."

"அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல, நான்தான்னு."

"மாட்டுக்குத் தையல் போட்ட டாக்டரு மெஷினுக்குப் போட்ட தையல்லதான் அதுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னா ஊருக்குள்ள யாரு உங்களை நம்பி மாடு ஓட்டிட்டு வருவாங்க?"

பிறகு இருவரும் சிரித்ததில் தோசை கருகிவிட்டது. கருகினதை நான்தான் சாப்பிட்டேன். இதற்கு முன் எத்தனையோ தோசை சாப்பிட்டிருக்கிறேன், இந்த ருசி இல்லை.

ஜூலை 9, புதன்

தினமும் மாலை நான்கு பேரும் பயிற்சி ஆடுகிறார்கள். ரெஜினா தலைவி, மற்ற இருவர் ஃபர்ஹானாவும் நிவேதாவும். ஸ்பீக்கரில் எல்லார் குரலும் கேட்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டுக் கணக்கு எழுதுவேன். அதாவது எழுதுவதற்கு எடுத்துக்கொண்டு உட்காருவேன். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருக்கும் விளக்கைப் பிடிக்கும் அணிக்குத்தான் வெற்றி. அதன் மேற்குப் படிக்கட்டை யாரும் கவனிப்பதில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அவள் அப்பா இன்று போன் செய்தார். ஆடி ஒன்றாம் தேதி விருந்துக்கு வந்து, தாரணியை அழைத்துப் போகிறார்களாம். புது மணப்பெண் ஆடி மாதம் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். வழக்கம்தானே. எனக்குத் தெரியாததல்ல. 

மழை இல்லை. புழுக்கம்.

ஜூலை 13, ஞாயிறு

போட்டி.

நேற்றே மின்வாரியத்துக்குப் போன் செய்து இன்று மின்தடை உண்டா என்று கேட்டுக்கொண்டேன். காலையில் அம்மா கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். துளையில் வைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

எட்டு அணிகள். முதல் ஆட்டம் லேசாக முடிந்தது. அரையிறுதியில் திருச்சி அணி. இரண்டு சுற்று அவர்களுக்கு, இரண்டு எங்களுக்கு. எங்களுக்கு என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். கடைசிச் சுற்றில் ஃபர்ஹானாவும் நிவேதாவும் விழுந்துவிட்டார்கள். ரெஜினா கீழே மாட்டிக்கொண்டாள். தாரணி தனியாகக் கலங்கரை விளக்கத்தில் ஏறுகிறாள். நான் எப்போது எழுந்தேன், எப்போது அவள் தோளுக்கு மேலே குனிந்தேன் என்று தெரியவில்லை.

"மேற்குப் படிக்கட்டு. ஒருத்தன் வர்றான்."

"தெரியுதுடா, மறைக்காத, தள்ளு நீ."

தள்ளி நின்றேன். அவள் திரும்பினாள், சுட்டாள், அவன் விழுந்தான், விளக்கைப் பிடித்தாள். ஸ்பீக்கரில் மூன்று பேரும் கத்தினார்கள். அம்மா கை தட்டினார். மெஷின் ஒரு நொடிகூடத் திக்கவில்லை. எண் நூற்றிருபதிலேயே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏ.சி. இல்லாத அறை, வியர்வையாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் தாரணிக்குத் தான் சொன்னது உறைத்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்தது யாருகூட கண்ணு?" என்றார்.

இறுதி ஆட்டத்தில் சென்னை அணியிடம் ஒரு சுற்று வித்தியாசத்தில் தோற்றோம். இரண்டாம் இடம். ரெஜினா அழுதுகொண்டே சிரித்தாள். தாரணி ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அந்தப் படிக்கட்டு, நீ சொன்னதாலதான் பார்த்தேன்" என்றாள். 'நீ' என்றாள். அம்மா சமையலறையில் இருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

மாமனார், மாமியார் வந்தார்கள். விருந்து. எனக்குப் புது வேட்டி. ஆடி முதல் நாள் வழக்கப்படி தேங்காய் சுட்டார்கள். 

காரில் பெட்டிகளை ஏற்றிய பிறகு மாமனார், அங்கே பொழுது போக வேண்டுமே என்று கம்ப்யூட்டரையும் கழற்றச் சொன்னார். நான் ஒயரைக் கழற்றக் குனிந்துவிட்டேன். தாரணி வாசலிலிருந்து சொன்னாள்: "வேண்டாம்ப்பா. அது இங்கயே இருக்கட்டும். எனக்குத் தம்பி லேப்டாப் போதும்."

கார் முக்குத் திரும்பும்வரை நின்றேன். பிறகு மருந்தகம் போனேன். விடுமுறை எடுத்திருந்தது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூலை 19, சனி

ஒரு நாய்க்குக் காதில் சீழ். வேறொன்றும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா அறைக்குள் வந்து, மெஷினை ஓட்டாமலே வைத்தால் கெட்டுவிடாதா என்று கேட்டார். மாட்டுக்குத்தான் அப்படி, இதற்கு இல்லை என்றேன். "நீ டாக்டரு, உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். போட்டுவிட்டேன். 

தாரணி போகும் முன் என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி வைத்திருந்தாள், அதில் கேமைத் திறந்ததும் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. தாரணி. ஹெட்செட்டை மாட்டுவதற்குள் குரல் வந்துவிட்டது: "மூணு நாளா என்ன பண்ணிட்டிருந்தே?"

ஜூலை 27, ஞாயிறு

கால்நடைக் கணக்கு நாளை எழுதிக்கொள்ளலாம்.

ஒரு வாரமாகத் தினமும் மாலை ஆடுகிறேன். நிவேதா ஊருக்குப் போயிருப்பதால் நான்தான் நான்காவது ஆள். ஓடச் சொன்னால் குதிக்கிறேன், குதிக்கச் சொன்னால் குண்டு போடுகிறேன். முந்தாநாள் ரெஜினாவையே சுட்டேன். அவர்கள் என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். காப்பாற்றுவதற்கு அல்ல, நான் போகும் இடத்தில் ஆள் விழுவதற்கு. மாமனார் வீட்டில் இது தெரியுமா என்று கேட்டேன். ஆடியில் நேரில் பார்க்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள், கேமைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் தாரணி.

இன்று முதல்முறையாக நான் கலங்கரை விளக்கத்தின் உச்சி வரை ஏறினேன். மேற்குப் படிக்கட்டு வழியாகத்தான். விழவில்லை, சுடப்படவில்லை. மேலே தாரணியின் வீராங்கனை நின்றுகொண்டிருந்தாள். கீழே கடல், சூரியன் இறங்கும் நேரம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ரெஜினாவும் ஃபர்ஹானாவும் கீழே எதிரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு, மேலே என்ன நடக்கிறது, விளக்கைப் பிடித்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"எப்ப வர்றே, கூட்டிட்டுப் போக?" என்றாள் தாரணி.

"ஆவணி ஒண்ணாந் தேதி."

"அது தெரியும். எத்தனை மணிக்கு?"

ஹெட்செட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு ஞாபகமில்லை. ரெஜினா சிரிக்கத் தொடங்கினாள், ஃபர்ஹானாவும் சேர்ந்துகொண்டாள், எனக்குப் பின்னால் அறை வாசலில் அம்மா சிரிப்பதுகூடக் கேட்டது. முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ என்னைச் சுட்டுவிட்டார்கள்.